வாத்தியார் சீட்டு

போதும். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ உயிரோடு இருந்தபோதே உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டியதை, உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன். நீ பதில் சொல்ல முடியாது என்பது தெரியும். நம் இருவருக்குள் கடைசி வார்த்தை எப்போதும் உன்னுடையதாகவே இருந்தது. இந்த ஒரு தடவை என்னுடையதாக இருக்கட்டும்.

போன வாரம் ஜோகூர் பாருவிலிருந்து உன் மகள் யாழினி ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தாள். பிரித்தால் ஒரு தட்டையான அட்டைப்பெட்டி. கல்யாண அழைப்பிதழ்களும் உறைகளும் மொத்தக் கடையிலிருந்து வருமே, அந்தப் பெட்டி. மூடியைத் திறந்ததும் தின்னர் வாசமும் ரப்பர் சிலிப்பர் வாசமும் ஒன்றாக எழுந்து வந்தன. இத்தனை காலத்துக்குப் பிறகும் வாசம் போகவில்லை. உன் கடைக்குள் நுழைந்ததுபோல ஒரு கணம் இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

நாம் முதன்முதலாகக் கடைகளுக்குப் போட்ட ‘கடைசி பஸ்’ விளையாட்டு. அந்த வரிசையில் உன் வீட்டுக்கென்று நீ எடுத்து வைத்துக்கொண்ட செட்.

பொட்டலம் வருவதற்கு முன்பே யாழினி போன் செய்திருந்தாள்.

“அங்கிள், கேம் புது எடிஷன் வருது. கேஎல் கம்பெனிக்காரங்க பெட்டிக்குள்ள ஒரு சின்ன புக்லெட் வைக்கிறாங்களாம். இது எப்படி ஆரம்பிச்சதுன்னு நீங்கதான் எழுதித் தரணும். உங்க பேரு, போட்டோ எல்லாம் போடுவாங்க. பேரு கண்டிப்பா போடணும்னு நானே சொல்லிட்டேன்.”

“ஏன், உங்கப்பா ஒண்ணும் எழுதி வைக்கலையா?”

“அப்பாகிட்ட எப்பக் கேட்டாலும் ஒரே பதில்தான் அங்கிள். ‘வாத்தியார்கிட்ட கேளு, அவன்தான் சரியாச் சொல்லுவான்’னுவாரு. இன்னொண்ணும் கேட்கணும். எல்லா வீட்டுலயும் பாலம் கார்டை ‘வாத்தியார்’னு சொல்றாங்களே, அது ஏன்?”

பழைய செட்டை அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். உன் மகளுக்குக் கூட நீ சொல்லவில்லை. சரி, நான் சொல்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் அவளுக்கும் புரியும். குளுவாங் மார்க்கெட்டுக்குப் பின்னால் உன் அச்சுக்கடை. கல்யாண அழைப்பிதழ், கோவில் நோட்டீஸ், கடைகளுக்கு பில் புத்தகம். நான் இடைநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். பிள்ளைகளுக்கு நிகழ்தகவு மண்டையில் ஏறவில்லை என்று ஒரு பெரிய மணிலா அட்டையில் ஜோகூர் சாலைகளை வரைந்தேன். நடுவில் குளுவாங். ஒரு பக்கம் காஹாங் வழியாக மெர்சிங், ஒரு பக்கம் லாபிஸ், சிகாமட், இன்னொரு பக்கம் பொந்தியான். பகடையை உருட்டி பஸ்ஸை நகர்த்து, எந்த ஊருக்குப் போய்ச் சேர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடு. அவ்வளவுதான் பாடம். அந்த அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட உன்னிடம் கொண்டுவந்தேன். நீ அதை மேசைமேல் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

“டேய், இது பாடம் இல்லடா. வெளையாட்டு.”

“வெளையாட்டுன்னா ஜெயிக்கிறதும் தோக்கிறதும் இருக்கணும்.”

“அதை நீ பாரு. நீதானே படிச்சவன். அட்டை, இங்க் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்.”

அந்தப் பாகப்பிரிவினையை நீ பிறகு மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. குளுவாங்கிலிருந்து புறப்பட வேண்டும், பொந்தியானில் அன்னாசி, மெர்சிங்கில் கருவாடு, லாபிஸில் ரப்பர் ஷீட் என்று சரக்கு ஏற்ற வேண்டும், கடைசி பஸ் கிளம்புவதற்குள் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். மழை, சாலை மறியல், லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார், இப்படி. எல்லாம் நான் யோசித்தது. செய்தது நீ. அதை ஒப்புக்கொள்கிறேன்.

பலகைக்குக் காலண்டர் அட்டை. நடுவில் மடிப்பதற்குப் புத்தகம் கட்டும் துணி. சில்க் ஸ்கிரீன் வைத்து ஒவ்வொரு நிறமாக நீ இழுப்பாய், நான் காயப்போடுவேன். மழைக்காலத்தில் பச்சை காய்வதற்குள் மஞ்சளில் பூஞ்சை பிடிக்கும். பஸ்களுக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. ஒருநாள் நான் கடைக்கு வெளியே கழற்றிப் போட்டிருந்த சிலிப்பரை எடுத்து ஓரத்தைப் பார்த்தாய். நீலம், வெள்ளை, நீலம். கேட்கவும் இல்லை, கத்தியை எடுத்து அறுத்துவிட்டாய். சின்னச் சின்னப் பஸ்கள், நடுவில் வெள்ளைக் கோடு போட்டவை. பார்க்க நன்றாகத்தான் இருந்தன. நான் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனேன். அந்தச் சிலிப்பரும் என் கணக்கில் இருக்கிறது.

சீட்டுகளில்தான் வந்தது வினை.

உன் கடையில் மீந்துபோன அழைப்பிதழ்கள் மூலைக்கு மூலை கிடக்கும். கூடுதலாக அடித்தவை, தேதி மாறியதால் வேண்டாமென்று விட்டவை, இங்க் பரவியவை. நல்ல தடிமனான ஆர்ட் அட்டை. அதையெல்லாம் சீட்டளவுக்கு வெட்டி, வெறுமையான பக்கத்தில் விளையாட்டு வாசகத்தை அடித்தாய். ஆகவே ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் யாரோ ஒருவர் கல்யாணத்தின் ஒரு துண்டு. ஒன்றில் பிள்ளையார் தும்பிக்கை, ஒன்றில் பாதிக் குத்துவிளக்கு, ஒன்றில் ‘சுற்றமும் நட்பும்’ மட்டும்.

முதல்முறை மூவருமாகக் கடையில் விளையாடிப் பார்த்தோம். நீ, நான், உன் மனைவி. கொஞ்ச நேரத்திலேயே அவர் கட்டின்மேல் கையை வைத்துவிட்டார்.

“மேல கெடக்கிறது தும்பிக்கை. தும்பிக்கைன்னா லாரிக்காரன். எனக்குத்தான் வேணும்.”

“பின்பக்கம் பார்க்கக் கூடாதும்மா,” என்றேன்.

“பின்ன கண்ணை மூடிக்கிட்டா வெளையாடுறது, அண்ணே?”

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதுகு ஒரே மாதிரி இல்லாத சீட்டுக்கட்டு சீட்டுக்கட்டே இல்லை, இதில் வாய்ப்பு எங்கே இருக்கிறது, என் கணக்கு முழுக்கப் போச்சு என்று கத்தினேன்.

“தெரிஞ்சா தெரியட்டுமேடா. ஞாபகம் வச்சிருக்கிறவன் ஜெயிக்கட்டும். நம்ம ஆளுங்க கல்யாணக் கார்டு வந்தா முதல்ல எதைப் பார்ப்பாங்க? மாப்பிள்ளையையா? யாரு பேரு போட்டிருக்கு, யாரு பேரு விட்டிருக்குன்னுதானே? அந்தக் கண்ணு சும்மா இருக்குமா லா?”

நீ சொன்னது சரியாகிப் போனது. அதுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. மேலே கிடக்கும் சீட்டின் முதுகைப் பார்த்து எடுக்கலாம், அல்லது ஒருமுறை அடியில் தள்ளலாம் என்று விதியை மாற்றினோம். அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். இன்றும் பெட்டிக்குள் அப்படியேதான் அச்சாகிறது. ஒவ்வொரு செட்டிலும் சீட்டு முதுகுகள் வேறு வேறு என்பதால், அவரவர் வீட்டில், அவரவர் செட்டில் அவர்களை யாரும் ஜெயிக்க முடியாது. விருந்தாளிகள் தங்கள் செட்டைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். யார் செட்டில் விளையாடுவது என்று வாசலிலேயே சண்டை. அந்தச் சண்டைதான் இந்த விளையாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது. என் நிகழ்தகவு அல்ல, உன் கடைக் குப்பை.

பெட்டியில் என் பெயர் இல்லாததற்குக் காரணம் நான்தான் என்று நீ பலரிடம் சொல்லியிருக்கிறாய். அது உண்மை. அரசாங்க ஆசிரியர் அனுமதி இல்லாமல் வெளியே வியாபாரம் செய்யக் கூடாது. அனுமதி கேட்கப் போனால் தலைமையாசிரியர் முன் நிற்க வேண்டும். ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்றேன். இப்போதைக்கு. அந்தச் சொல் உன் காதில் விழவில்லை. பிறகு பத்திரிகைக்காரர் உன்னைப் பேட்டி கண்டபோது, ‘கூட ஒரு நண்பர் ஒத்தாசை செய்தார்’ என்று சொன்னாய். ஒத்தாசை! பந்தல் கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொள்பவன் செய்வதற்குப் பெயர் ஒத்தாசை.

இனி யாழினி கேட்டதற்கு வருகிறேன்.

தீபாவளிக்குக் கடைகளில் வைப்பதற்கென்று முதன்முதலாக மொத்தமாகச் செய்யத் தொடங்கினோமே, அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் என் கல்யாணம் நின்றுபோனது. பெண் லாபிஸ். அழைப்பிதழை நீதான் அடித்தாய், தங்க ஓரம் வைத்து. ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. அதற்குள் பெண்ணுக்குச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். நான் யாரிடமும் பேசவில்லை. உன்னிடம் மட்டும், அந்தக் கட்டை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள் என்றேன். நீ தலையாட்டினாய்.

தீபாவளிக்கு மறுநாள் காஹாங்கில் எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரே கூச்சல்.

“ஐயோ, வாத்தியார் வந்துட்டாரு! வாத்தியார் வந்துட்டாரு!”

என்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். ஒருவரும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையில் சுற்றி உட்கார்ந்து கட்டின்மேல் கிடந்த ஒரு சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்க ஓரம். நடுவில் திருநிறைச்செல்வன் என்று என் பெயர், அடியில் ‘ஆசிரியர்’. அடியில் தள்ளும் வாய்ப்பை ஏற்கெனவே தீர்த்துவிட்ட ஒரு பெரியவர் வேறு வழியின்றி அதை எடுத்துத் திருப்பினார். ‘பாலம் உடைந்தது. சரக்கை எல்லாம் இறக்கிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பு.’

“இந்த வாத்தியார் யாரு பெத்த பிள்ளையோ,” என்றார் அவர். “இவன் கல்யாணம் நடந்துச்சோ என்னமோ, எம் பஸ் போச்சு.”

சுற்றி ஒரே சிரிப்பு. அவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. ஆசிரியைக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சமையலறைக்குள் போய்விட்டார். நான் ஒரு முறுக்கைக் கையில் எடுத்தேன், சாப்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை.

மற்ற சீட்டுகளெல்லாம் செட்டுக்குச் செட் மாறும். இது மட்டும் மாறாது. காரணம் எளிது. மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாக மீந்தவை. என்னுடையது ஒரு முழுக் கட்டு, பிரிக்கவே படாதது. எல்லாச் செட்டுக்கும் ஒன்று வீதம் வந்தது. அந்த வரிசையில் எந்த ஊரில் எந்தச் செட்டைத் திறந்தாலும் என் பெயர். எல்லா ஊரிலும் அதுதான் வரக்கூடாத சீட்டு.

அடுத்த நாள் கடைக்கு வந்தேன். நீ மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

“என் கட்டுல பாலத்தை ஏன்டா அடிச்ச?”

“எந்தக் கட்டு?”

“என் கட்டு.”

நீ துணியைக் கீழே வைக்கவில்லை. “வெட்டுற அவசரத்துல பின்னாடி யாருடா பார்க்கிறது? தீபாவளி வேலை எவ்ளோ சுசா, எவ்ளோ கஷ்டம்னு உனக்குத் தெரியாதா?”

எந்தக் கட்டையும் விசிறிபோல் விரித்து, முன்னும் பின்னும் பார்க்காமல் மெஷினுக்குக் கொண்டுபோகாதவன் நீ. அதை நான் எத்தனை முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

“நல்ல ஆர்ட் கார்டுடா. குப்பையில போடச் சொல்றியா?”

“கொளுத்தியிருக்கலாம்.”

“சரி விடு. அடுத்த தடவை மாத்திடறேன். முடிஞ்சுதா?”

முடியவில்லை. அடுத்த தடவையும் அதே சீட்டு வந்தது. கேட்டதற்கு, “வாங்குறவங்க கேட்கிறாங்கடா. வாத்தியார் இல்லாத செட்டு டூப்ளிகேட்டுன்னு கடைக்காரன் திருப்பி அனுப்புறான். நான் என்ன பண்ணட்டும்?” என்றாய். அன்று உன் கடையை விட்டு இறங்கியவன் மறுபடி ஏறவில்லை. என் அழைப்பிதழ்க் கட்டு தீர்ந்த பிறகு, தங்க ஓரத்தையும் அதிலிருந்த மாங்காய்ப் பூவேலையையும் மட்டும் வைத்துப் பெயரில்லாமல் அச்சடித்தாய் என்று கேள்விப்பட்டேன். கோலாலம்பூர் கம்பெனி விளையாட்டை எடுத்துக்கொண்ட பிறகும் அப்படித்தான். ஆனால் ‘வாத்தியார்’ போகவில்லை. சிகாமட்டுக்கு மாற்றலாகிப் போனேன், அங்கே ஆசிரியர் ஓய்வறையில் மலாய், சீன ஆசிரியர்கள்கூட விளையாடினார்கள். “அலமாக், வாத்தியார்!” என்று அவர்கள் கத்துவார்கள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.

என் மனதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எத்தனையோ சீட்டுகள் இருந்தன. லாரிக்காரர் சீட்டை அடித்திருக்கலாம். மழைச் சீட்டை அடித்திருக்கலாம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பு என்பதை என் பெயரின் முதுகில் அடித்தாயே, அது தெரிந்து செய்ததா, தெரியாமல் நடந்ததா? தெரியாமல் என்றால் நான் இத்தனை காலம் வீணாக உன்னை வெறுத்திருக்கிறேன். தெரிந்து என்றால் உன்னைப் போல ஒருவனோடு நான் அத்தனை வருடம் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். உன் சாவுக்கு வந்தேன். கூடாரத்தின் கடைசி வரிசையில் நின்றேன். வண்டி கிளம்பும் முன்பே போய்விட்டேன். உன் முகத்தைப் பார்த்தபோதும் அந்தக் கேள்விதான்.

யாழினி அனுப்பிய பெட்டியில் பலகையை விரித்துப் பார்த்தேன். பஸ்களைப் பார்த்தேன், நீலம் என் சிலிப்பர்தான். சீட்டுக்கட்டை மட்டும் தொடவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்த கட்டை எதற்குத் தொட வேண்டும்? நேற்றுக் காலையில்தான் ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். அது பழையது, கையில் எடுத்ததும் அறுந்துவிட்டது.

என் பெயர் அதில் இல்லை.

கட்டு முழுவதையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பாலச் சீட்டு இருக்கிறது. ஆனால் மற்றவைபோல மெஷினில் அடித்த எழுத்தல்ல. உன் கையெழுத்து, கறுப்பு மையில். முதுகில் சிவப்பு ஓரம். திருநிறைச்செல்வன் என்று உன் பெயர். உன் கல்யாண அழைப்பிதழ்.

யாழினிக்குப் போன் செய்தேன்.

“பாலம் கார்டு வேற மாதிரி இருக்கேம்மா?”

“அதுவா? எங்க வீட்டுல அது மாப்பிள்ளை கார்டு, அங்கிள். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பவே அப்படித்தான். அது மேல வந்தா அம்மா, ‘மாப்பிள்ளை வந்துட்டாரு, எல்லாரும் சாமானை எறக்குங்க’ன்னு அப்பாவைப் பார்த்துச் சொல்வாங்க. நாங்க எல்லாரும் சிரிப்போம். அப்பா மட்டும் குனிஞ்சு கட்டை அடுக்கிக்கிட்டு இருப்பாரு.”

“ஏன் மாத்தினாருன்னு சொன்னாரா?”

“ஒரு தடவை கேட்டேன். ‘அடுத்த தடவை மாத்துறேன்னு ஒருத்தன்கிட்ட சொன்னேன். ஒரு செட்டுலதான் மாத்த முடிஞ்சுது’ன்னாரு. என்னன்னு எனக்குப் புரியலை.”

எனக்குப் புரிந்தது. தெரியாமல் செய்தவன் இப்படி உட்கார்ந்து கையால் எழுதிச் சீட்டு மாற்றமாட்டான். ஆக, உனக்குத் தெரியும். நான் சொன்னதுதான் சரி. இத்தனை வருடம் சுமந்தது நிரூபணமாகிவிட்டது. இதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

ஊர் முழுவதும் என் பெயரை விட்டுவிட்டு, அதன்பிறகு நீ இருந்தவரை நான் காலெடுத்து வைக்காத ஒரு வீட்டில் மட்டும் உன் பெயரைப் போட்டுக்கொண்டாய். உன் மனைவி, மகள் முன்னால் நீயே வரக்கூடாத சீட்டாக உட்கார்ந்திருந்தாய். இதற்குப் பெயர் மன்னிப்பா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் வந்திருப்பேன். வந்திருப்பேனா என்பதும் தெரியாது. மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இல்லை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

இனி அந்தப் புத்தகம். என் பெயர் அதில் வர வேண்டும் என்று எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். இப்போது உன் மகள் கேட்கிறாள், படம் கேட்கிறாள், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். காலையில் நரை தெரியாத ஒரு படத்தைக்கூடத் தேடி எடுத்து வைத்தேன். பிறகு உள்ளேயே வைத்துவிட்டேன். பெயரைப் போட வேண்டியவன் நீ. நீ போட்டபோதோ, பாலம் உடைந்தது என்று போட்டாய், அல்லது ஒத்தாசை என்று போட்டாய். நீ போடாத பெயரை நானே எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் அளவுக்கு எனக்கு இன்னும் வயதாகவில்லை.

எழுதித் தருவதாக யாழினியிடம் சொல்லியிருக்கிறேன். வேறாக ஒன்று எழுதப்போவதில்லை. இதையே அவளுக்கு அனுப்புகிறேன். புத்தகத்துக்கு வேண்டியதை அவளே வெட்டிக்கொள்ளட்டும். வெட்டுவது உங்கள் குடும்பத்துத் தொழில். எந்தத் துண்டு எந்தச் சீட்டின் முதுகில் போகும் என்று நான் கேட்கப்போவதில்லை.

இப்போதும் எனக்குக் கல்யாண அழைப்பிதழ் வந்தால், யார், என்று, எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் திருப்பி முதுகைத்தான் பார்க்கிறேன். நீ கொடுத்த பழக்கம். அது போகாது.

செட்டை மறுபடி கட்டி வைத்துவிட்டேன், திருப்பி அனுப்ப. சிவப்பு ஓரச் சீட்டு மட்டும் அதில் இல்லை. அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த இடத்தில் வெறும் அட்டை ஒன்றை அளவாக வெட்டி, பாலம் உடைந்தது என்று என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். முதுகில் ஒன்றும் எழுதவில்லை.

இந்த மடலின் அடியிலும் ஒன்றும் எழுதப்போவதில்லை. தபால் நிலையம் மதியத்துக்கு மூடுவதற்குள், இப்படியே, கையெழுத்தில்லாமல், கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.